பாட்டு வந்தால் எழுந்து போகிறவர்

முதல் பாட்டு தொடங்கி இரண்டு வரிகூட ஆகவில்லை, நந்தகோபால் எழுந்துவிட்டார். "இதோ வந்துடறேங்க" என்று சொல்லி, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காமல் குனிந்து, படியோரம் எரியும் சின்ன நீல விளக்குகளைப் பார்த்தபடி இறங்கிப் போனார். மேகலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு வந்தால் ஆண்கள் வெளியே போவது அவள் சிறு வயதிலிருந்தே பார்த்ததுதான். அப்பா போவார், அண்ணன் போவான். ஒரு சிகரெட்டுக்கு ஒரு பாட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும் என்று அண்ணன் சொல்வான். ஆனால் இந்தப் படத்தில் பாட்டுக்கு வெளியே போகிறவர் படத்தைவிட்டே போகிறார். கதையே பாட்டில்தான் நடக்கிறது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண் ஒருத்தி, வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று மைக்கில் சொல்லத் தொடங்கி, தாமதம் என்ற அந்தச் சொல்லில் சற்றே தங்கி, அங்கிருந்தே இழுத்துப் பாட ஆரம்பிக்கிறாள். கீழே நடைமேடையில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து, அதற்குப் பதிலைப் பாட்டாகவே சொல்கிறான். டீ விற்பவர், தூங்கிக்கொண்டிருந்த கிழவர், பெட்டி தூக்குகிறவர்கள் எல்லாரும் அதுவரை இதற்காகத்தான் காத்திருந்தது போலச் சேர்ந்துகொள்கிறார்கள். மேகலா இதை மூன்றாவது முறையாகப் பார்க்கிறாள். அதை அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்குப் போகலாமா, எந்தப் படம் என்று அவர் செய்தி அனுப்பிக் கேட்டபோது யோசிக்காமல் இந்தப் பெயரை எழுதிவிட்டாள். யோசிக்காமல் என்பது பொய். யோசித்துத்தான் எழுதினாள். நாற்பத்தொரு வயதில், ஒருமுறை முறிந்த பிறகு, இன்னொருவரோடு ஒரு வீட்டுக்குள் போவதற்கு முன்னால் அவரைத் தெரிந்துகொள்ள வேறு என்ன வழி இருக்கிறது. அண்ணி இந்துமதி தன் பங்குக்கு விசாரித்துவிட்டாள்: பல்லடம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், நாற்பத்தாறு வயது, மனைவி இறந்து ஏழு வருடம், பிள்ளைகள் இல்லை, குடிப் பழக்கம் இல்லை, அதிர்ந்து பேசமாட்டார். ஆறு வாரத்துக்கு முன்னால் அண்ணி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது ஒருமுறை பார்த்ததுதான், பிறகு செய்திகள் மட்டும். அன்றைக்கு மற்றவர்கள் பேசினார்கள், அவர் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். விசாரிப்பில் வராதது ஏதாவது இருக்கும், அது இந்தப் பாட்டைக் கேட்கும்போது முகத்தில் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தாள். பார்க்க முகம் இல்லை. அவர் எழுந்ததும் தானாக மடங்கிக்கொண்ட இருக்கை இருந்தது.

பாட்டு முடிந்து நடைமேடை காலியாகும்போது அவர் திரும்பி வந்தார். உட்கார்ந்ததும் அவள் பக்கம் சாய்ந்து, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், அவங்க ரெண்டு பேரும் சந்திச்சுட்டாங்க என்று. சொல்லும்போது அவர் தன் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பதை உணர்ந்து, பாதியில் நிறுத்தி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஒரு ஆண் இத்தனை பக்கத்தில் அவள் உதட்டைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது. கூச்சமாக இருந்தது, கூச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று திரையைப் பார்த்தாள். பிறகுதான் தோன்றியது, அவரிடமிருந்து சிகரெட் வாடை வரவில்லை. சட்டைக்குப் போட்ட கஞ்சி மணமும் லேசாக சந்தனமும். புகைக்கப் போகவில்லை என்றால் எதற்குப் போனார். ஃபோன் பேசவா. பாட்டு நேரம் பார்த்து யாரோடு பேச வேண்டியிருக்கிறது. ஆறு வாரமாக அவளோடு ஒருமுறைகூட ஃபோனில் பேசியதில்லை, ஷெட்டில் சத்தமாக இருக்கும், மெசேஜ் போடுங்க என்பார். வீட்டிலிருக்கும்போதும் அதே பதில்தான். அப்படியானால் பேசுவதற்கு என்று வேறு யாரோ இருக்கிறார்கள். இல்லை, அப்படி நினைக்கக் கூடாது. ஆனால் படம் தொடங்கும் முன்னால், கீழே தீனிக் கடை வரிசையில் நிற்கும்போது நடந்ததை எப்படி நினைக்காமல் இருப்பது. அவருடைய இடப்பக்கம் நின்றுகொண்டு, உங்களுக்குக் காப்பியா பாப்கார்னா என்று கேட்டாள். அவர் விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பவில்லை, இமைகூட அசையவில்லை. ஒரு வினாடி, இரண்டு வினாடி. அவ்வளவுதான், வயிறு சுருட்டிக்கொண்டது. கை குளிர்ந்துபோனது. என்ன தப்பு செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். ஆறு நிமிடம் தாமதமாக வந்ததா, இந்தப் புடவையா, வாசலில் அவர் கை நீட்டியபோது வணக்கம் சொன்னதா. இரண்டாம் முறை கேட்கவில்லை. பதில் வராத கேள்வியை இரண்டாம் முறை கேட்பதில்லை என்று அவள் தனக்குள் ஒரு கட்டு போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கட்டு முதல் கணவன் தயாளன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது. நகை, பாத்திரம் எல்லாம் திரும்பி வந்ததோடு இதுவும் வந்தது.

தயாளன் அடித்ததில்லை. குடித்ததில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான், அவ்வளவுதான். முதல் தடவை மூன்று நாள். அண்ணன் வீட்டில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வந்ததற்கு. மூன்று நாளும் சாப்பிட்டான், குளித்தான், டிவி பார்த்தான், அவள் இருக்கும் இடத்தை நாற்காலி இருக்கும் இடத்தைப் பார்ப்பது போலச் சுற்றிக்கொண்டு போனான். பிறகு பதினொரு நாள். பிறகு இருபத்தாறு. தோசை ஊத்தட்டுமா என்று கேட்பாள், பதில் வராது, ஊற்றுவாள், சாப்பிடுவான், இன்னொன்று வேண்டுமா என்று கேட்பாள், தட்டை வைத்துவிட்டு எழுந்து போவான். என்ன கோபம் என்பதைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கேள்வியே அவளுக்கு மறந்துபோகும். கெஞ்சுவது மட்டும் மிச்சம் இருக்கும். நாற்பத்துமூன்று நாள் போன அந்தக் கடைசித் தடவையில், தன் வாயிலிருந்து சத்தம் வருகிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் வேலை பார்ப்பது காது பரிசோதிக்கும் இடத்தில், ஆர்.எஸ்.புரத்தில் காது மெஷின் விற்கும் சென்டரில், சத்தம் புகாத கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஒலியாக அனுப்பி, கேட்டால் கையைத் தூக்குங்க என்று சொல்வது. ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் மைக்கை எடுத்து, நான் மேகலா என்று சொன்னாள். மீட்டரில் முள் துள்ளி அடங்கியது. நான் மேகலா, தோசை ஊத்தட்டுமா. முள் துள்ளியது. குரல் இருக்கிறது. பதினைந்து வருடப் படிப்பும் அனுபவமும் அந்த முள்ளைப் பார்த்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தது. இதைக் குடும்பக் கோர்ட்டில் எப்படிச் சொல்வது. பேசலைங்கறது ஒரு காரணமாம்மா என்று அங்கிருந்த ஆலோசகர் அம்மாள் அன்பாகத்தான் கேட்டார். அடிச்சிருந்தா சொல்லலாம் என்று மேகலாவுக்குத் தோன்றியதும், அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டதும் நினைவிருக்கிறது.

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. மொட்டை மாடியில் அந்த ரயில் நிலையப் பெண்ணும் மெக்கானிக்கும் சண்டை போடப் போகிறார்கள். அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, அதை அவளிடம் மறைத்துவிட்டான். இதுதான் இரண்டாவது பாட்டு, இதற்குத்தான் மேகலா இரண்டாம் முறை தனியாக வந்தாள். வயலின் ஒரு இழுப்பு இழுத்ததும் பக்கத்து இருக்கை மடங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. இந்த முறை, இதோ வந்துடறேங்க என்றுகூட இல்லை, ஒரு கை அசைப்புதான். போகட்டும். போகிறவர் போகட்டும், இந்தப் பாட்டையாவது தன் பாட்டாகக் கேட்கலாம். கேட்க முடியவில்லை. அந்தப் பெண், ஏன் சொல்லவில்லை என்று பாடுகிறாள். அவன், சொன்னால் இருப்பாயா என்று பாடுகிறான். அவள் ஒரு வரி, அவன் ஒரு வரி, பிறகு வரிகள் குறுகிக் குறுகி ஒரு சொல்லுக்கு ஒரு சொல், கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரியைப் பாடுகிறார்கள், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திப் போகிறது. முதல் முறை பார்த்தபோது சென்டர் ரிசப்ஷனிஸ்ட் பெண் அவள் பக்கத்தில் இருந்தாள். என்னக்கா, சண்டைக்குப் போய் இப்படி அழறீங்க என்றாள். அதற்குப் பதில் அப்போது தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பல் தேய்க்கும்போது தெரிந்தது. இந்தப் படத்தில் யாரும் யாரையும் பதில் இல்லாமல் விடுவதில்லை. காதலைச் சொன்னாலும் சரி, போய்த் தொலை என்று சொன்னாலும் சரி, ஒருவர் பாடி நிறுத்திய இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். அந்த மெக்கானிக் அழகில்லை, கதை ஒன்றும் பெரிய கதை இல்லை, மழை செயற்கை மழை என்பது கண்ணாடி போட்டவளுக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஒரு வரிகூடத் தரையில் விழவில்லை. நாற்பத்துமூன்று நாள் தரையில் விழுந்து கிடந்தவளுக்கு வேறு என்ன வேண்டும். அதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தப்பா. ஆசையில்லை, சோதனை. சரி, சோதனை. அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார். அப்படியானால் ஏன் அவள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஏன் அவர் நிழல் படியில் தெரிந்ததும் மூச்சு இறங்குகிறது. திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் சாய்ந்து, "இப்ப என்னங்க ஆச்சு?" என்றார். சண்டை என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு சின்ன இனிப்பு இருந்தது. உடனே பயந்துபோனாள், இந்த இனிப்புக்காகத்தான் தயாளனும் செய்தானோ என்று.

இடைவேளையில் வெளியே ஒரே நெரிசல். குழந்தைகள், நாற்காலி தேடுகிறவர்கள், ஒலிபெருக்கியில் அடுத்த படத்தின் விளம்பரம். அவர் இரண்டு காப்பி வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தார். மேகலா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கோப்பையைப் பார்த்தபடியே, "உங்களுக்குப் பாட்டே பிடிக்காதுங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்து, "ஆமாங்க, நல்ல சூடு, மெதுவாக் குடிங்க" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரா. முகத்தில் கேலி இல்லை. ரொம்ப நல்ல பிள்ளை போல, சரியான பதிலைச் சொல்லிவிட்டோமா என்று பார்க்கும் முகம். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தாள். எங்கே என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். தினமும் பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை பார்க்கும் முகம் அது. எல்லாம் நல்லாக் கேக்குதும்மா, வீட்டுலதான் முணுமுணுன்னு பேசறாங்க என்று சொல்லிக்கொண்டு மகன் பின்னால் வந்து உட்கார்வார்களே, அவர்கள் முகம். பேசுகிறவர் வாயைப் பார்க்கும், பாதியை ஊகிக்கும், ஊகம் தப்பினால் சிரிக்கும். தியேட்டருக்குள் நுழைந்ததும் இந்த ஓரத்து இருக்கை எனக்கு, நீங்க அந்தப் பக்கம் வாங்க என்று அவளை வலப்பக்கம் மாற்றி உட்காரச் சொன்னாரே. ஃபோன் வேண்டாம் என்றாரே. அண்ணி வீட்டில் பேசவே இல்லையே. ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. ஆனால் அவள் அதை நம்ப மறுத்தாள். இது அவளுடைய தொழில் புத்தி, எல்லாரையும் நோயாளியாகப் பார்ப்பது. அல்லது அதைவிட மோசம், பதில் சொல்லாத ஒருவருக்கு அவளே ஒரு நல்ல காரணத்தைத் தைத்துக் கொடுக்கிறாள். தயாளனுக்கும் அப்படித்தான் கொடுத்தாள், வேலையில் கஷ்டம் என்று, சின்ன வயதில் அம்மா இல்லாமல் வளர்ந்தவன் என்று, எத்தனை சட்டை தைத்துக் கொடுத்திருப்பாள். இது இன்னொரு சட்டை இல்லை என்று எப்படித் தெரியும்.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. விளக்கு அணைந்து படம் மறுபடி தொடங்கியது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாளை மெக்கானிக் வெளியே எடுக்கும் காட்சி, பேச்சுதான், பாட்டு இல்லை. அவர் முன்னால் குனிந்து, நடிகர்களின் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேகலா முந்தானையை எடுத்து, இருமல் வந்தது போல வாயை மூடிக்கொண்டாள். உதட்டைப் பார்த்துப் பிடிக்கிறார்களா என்று தெரிய, சென்டரில் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு செய்வதுதான். துணிக்குள்ளிருந்து, சாதாரணமாகப் பேசும் குரலில், "நீங்க எதுக்கு என்னைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டாள். முன் வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. தயாளன் திரும்பாதபோது அவன் கழுத்தில் ஒரு இறுக்கம் இருக்கும், கேட்டுவிட்டேன் என்று அந்தக் கழுத்து சொல்லும். இந்தக் கழுத்தில் ஒன்றும் இல்லை. படத்தில் அந்த அம்மாள் வெளியே வந்ததும் அவர் தனக்குள் சிரித்துக்கொண்டார். மேகலா முந்தானையை இறக்கினாள். வெளிச்சம் போட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்தது, கோபம் இல்லை, என் மேல் கோபம் இல்லை. அது முழுவதும் வந்து சேரும் முன்னால் வெட்கம் வந்தது, ஒரு மனிதரை அவருக்குத் தெரியாமல் இருட்டில் சோதித்துவிட்டோமே என்று. வெட்கத்தின் மேலேயே கோபம் ஏறியது, மறைத்துவிட்டாரே. ஆறு வாரம். எத்தனை செய்திகள், தோட்டத்தில் பூத்த செம்பருத்தியின் படம் வரை அனுப்பியவர் இதை அனுப்பவில்லை. அதுவும் அவளிடம், இந்த வேலை செய்கிறவளிடம். பிறகு எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து பழைய பயமே எழுந்து வந்தது. கேட்காததும் பதில் சொல்லாததும் அவள் வயிற்றுக்கு ஒன்றுதான். அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள், கூடத்தில் அவர் திரும்ப மாட்டார். காரணத்தைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாலும் அந்த ஒரு வினாடி வரும், கை குளிரும், என்ன தப்பு செய்தேன் என்று தேடும். ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிடுவார்கள் ஒரு வீட்டில். முப்பது? நாற்பது? அத்தனை முறையும் அந்த வினாடியைத் தாண்டி வர முடியுமா. முடியாது என்றால் இப்போதே முடித்துவிடுவது நல்லது, நல்ல மனிதர்தான், அண்ணியிடம் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொல்லாமல் விலகுவது. அதை நினைத்ததும் வாய் கசந்தது.

மூன்றாவது பாட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தொடங்கும். மெக்கானிக் தரையில் உட்கார்ந்து ஃபோனில் பாடுவான், அவள் அங்கே அறிவிப்பு அறையில் இருந்து பதில் பாடுவாள், ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும். இந்தப் படத்தில் மேகலாவுக்கு உயிர் அதுதான். பியானோ தொடங்கியது. அவர் எழுந்தார். அவர் படியிறங்கி வாசல் திரையை விலக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு அவளும் எழுந்துவிட்டாள்.

வெளியே நீண்ட தாழ்வாரம், தரையில் சிவப்பு விரிப்பு, ஆள் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் பாட்டு கும்கும் என்று மட்டும் கேட்டது. கோடியில், தீயணைக்கும் சிலிண்டர் பக்கத்தில், கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்று அவர் கீழே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் இல்லை, சிகரெட் இல்லை. வலது காதின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார், பல் வலிக்காரர் கன்னத்தைப் பிடித்திருப்பது போல. பின்னாலிருந்து கூப்பிட்டுத் திடுக்கிட வைக்க வேண்டாம் என்று மேகலா சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றாள். அவர் கையை இறக்கினார். பாட்டு முடிஞ்சுதா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"எந்தக் காதுங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் அவள் வாயையே பார்த்தார். கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம். நடித்தால் நம்பத்தான் வேண்டும், அவ்வளவு சுலபமான வழி அவருக்கு இருந்தது. கீழே பார்த்தார், மறுபடி நிமிர்ந்தார். "இடது சுத்தமா இல்லீங்க. வலதுல பாதி இருக்கும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இடது காது சின்ன வயதிலேயே சீழ் வடிந்து போய்விட்டதாம். வலது இருபத்துமூன்று வருடம் நூற்பு ஷெட்டில் நின்றதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மில்லில் தெரிந்தால் ஷெட்டிலிருந்து எடுத்து வாசலில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று யாருக்கும் சொல்லவில்லை, மெஷினும் வாங்கவில்லை. சின்னச் சத்தம் கேட்பதில்லை, பெரிய சத்தம் காதுக்குள் ஆணி இறக்குவது போல இருக்கும். பேச்சு என்றால் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாராம். பாட்டில் ஒரே எழுத்தை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தபடியே நிற்கிறார்கள், அது என்ன வார்த்தை என்று எப்படித் தெரியும் என்று அவளையே கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. இந்தப் படத்துக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றாள். நீங்க ஆசையா எழுதியிருந்தீங்க என்றார். அது அவளுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. அதற்கு இடம் கொடுக்காமல், அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். குரல் சென்டரில் பேசுவது போல உரக்கவும் நிறுத்தி நிறுத்தியும் வந்ததைக் கவனித்துத் தணித்துக்கொண்டாள்.

சொல்லியிருந்தா இன்னிக்கு வந்திருப்பீங்களா என்று அவர் கேட்டார். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். மேகலா யோசித்துப் பார்த்தாள். வந்திருக்க மாட்டாள். நாள் முழுக்க இதே, வீட்டுக்கு வந்தும் இதேவா என்று தோன்றியிருக்கும். தலையை இல்லை என்று ஆட்டினாள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொன்று சொன்னார். அவர் மனைவி கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது குரல் ரொம்பத் தாழ்ந்துவிட்டதாம், உதடும் வறண்டு சரியாக அசையாதாம். "என்னென்னமோ கேட்டாங்க. எல்லாத்துக்கும் சரி சரின்னேன். எதுக்குச் சரின்னேன்னு இன்னி வரைக்கும் தெரியாதுங்க."

கதவுக்குப் பின்னால் பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் பதில் பாடும் இடம் இது, தரையதிர்விலேயே தெரிந்தது. இந்த மனிதர் ஏழு வருடமாக ஒரு பதில் தப்பாகப் போனதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். மேகலா தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு. இரக்கப்பட்டுத் தலையாட்டிவிடக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இரக்கம் வந்தால் அவள் எதற்கும் தலையாட்டிவிடுவாள். அதனால் தன்னுடையதையும் சொன்னாள். தயாளனைப் பற்றி, மூன்று, பதினொன்று, இருபத்தாறு, நாற்பத்துமூன்று, மைக், முள். அண்ணிக்குக்கூட முள்ளைப் பற்றிச் சொன்னதில்லை. அவர் ஒரு சொல்லும் தவறாமல் இருக்க அவள் முகத்துக்கு நேராக நின்று கேட்டார். இப்படி முழுவதும் தன்னைப் பார்த்து யாரும் எதையும் கேட்டதில்லை என்று பாதியில் தோன்றியது, அதையும் தள்ளி வைத்தாள்.

"நான் கூப்பிட்டு நீங்க திரும்பலைன்னா எனக்கு நடுக்கம் வந்துடும். காரணம் தெரிஞ்சாலும் வரும். புத்திக்குத் தெரியும், வயித்துக்குத் தெரியாது" என்றாள்.

அவர் நெற்றியைச் சுருக்கி, பழுதான இயந்திரத்தின் முன்னால் நிற்பவர் போல யோசித்தார். அந்த நேரம் நீண்டுகொண்டே போனது.

"அப்பக் கூப்பிடாதீங்க" என்றார். "தொடுங்க. ஷெட்டுல நாங்க அப்படித்தானுங்க. அங்க யாரும் யாரையும் கூப்பிடறதில்ல."

ஒரு நட்டை இப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். சொன்ன பிறகு அது என்ன சொல் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் சிவந்து, நீங்க போய்ப் படத்தைப் பாருங்க, நான் இங்கயே நிக்கிறேன் என்றார். மேகலா கதவைப் பார்த்தாள். பாட்டு முடிந்துவிட்டிருந்தது. இன்னும் அரைமணிப் படம் இருக்கிறது, அவர்கள் சேர்வார்கள், கடைசியாக ஒரு பாட்டு உண்டு. போதுங்க, போலாம் என்றாள். ஒரு பதிலும் முடிவாகச் சொல்லவில்லை. வேறொரு சென்டரில் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் சரி என்றார், என்ன சொன்னாள் என்பதைத் திருப்பி ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு.

நகரும் படியில் அவர் முன்னால் இறங்கினார். வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எங்கேயோ குழந்தைகளுக்கான ரயில் மணியடித்துக்கொண்டு சுற்றியது. அவர் வாசலைத் தாண்டி, தப்பான பக்கம் துணிக் கடைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மேகலா நின்றாள். கூப்பிட வேண்டும், என்னவென்று கூப்பிடுவது. செய்திகளில் அந்தத் தேவை வந்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது, சார் என்றால் சென்டருக்கு வந்தவர் ஆகிவிடுவார். வாய் தானாகவே, "ஏங்க" என்றது. ஆறு வருடமாக யாரையும் கூப்பிடாத சொல். சொன்ன பிறகுதான் காதில் விழுந்து திடுக்கிட்டாள். அவர் நடந்துகொண்டிருந்தார். தோள் அசையவில்லை, தலை திரும்பவில்லை. வந்துவிட்டது, அவள் சொன்னபடியே வந்துவிட்டது. காரணம் தெரிந்திருந்தது. அது உதவவில்லை. இப்படியே நின்றுவிடலாம் என்று நினைத்தாள். இன்னும் பத்தடி போனால் அவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார், பிறகு திரும்பிப் பார்த்துத் தேடுவார், அவள் வாசல் வழியாகப் போய் ஆட்டோ ஏறியிருப்பாள், இரவு ஒரு செய்தி அனுப்பினால் போதும், யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. ஒரு குடும்பம் அவளை இடித்துக்கொண்டு போனது. அவர் முதுகு ஐந்தடி, ஏழடி. மேகலா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, வேகமாக நடந்தாள், கிட்டத்தட்ட ஓடினாள், எட்டி அவர் முழங்கைக்கு மேல், சட்டைத் துணியின் மேல், இரண்டு விரலை வைத்தாள்.

அவர் திடுக்கிடவில்லை. நின்றார், வலப்பக்கமாகத் திரும்பி, அவள் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார். கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. பயம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. விரலை எடுக்காமலே, "வாசல் அந்தப் பக்கமுங்க" என்றாள்.